பதினான்காம் பக்கத்துச் செங்கல்காரர்

உறுவையாறு,
18.12.2024

பெறுநர்: 'களிமண் நகரங்கள்' புத்தகத்துக்குப் படம் போட்ட 'சகா' அவர்கள், பதிப்பகத்தார் மூலமாக, சென்னை.

அம்மையீர் அல்லது ஐயா,

கீழே கையெழுத்திட்டுள்ள சுப்பராயலு ஆகிய நான் வில்லியனூர் கொம்யூன் உறுவையாறு கிராமத்தில் நெல்லும் கரும்பும் வைத்திருக்கும் விவசாயி. வயது எழுபத்திரண்டு. தங்கள் புத்தகத்தின் பின் அட்டையில் 'குட்டி வாசகர்களே, எனக்குக் கடிதம் எழுதுங்கள், எல்லாவற்றுக்கும் பதில் போடுவேன்' என்று அச்சிட்டிருக்கிறது. அந்த தைரியத்தில் எழுதுகிறேன்.

புகார் பக்கம் 14 பற்றியது. சுமேரியா தேசத்தில் கோயில் கட்டுகிறார்கள். படத்தின் இடது ஓரத்தில் ஒரு கிழவன் இடுப்பில் முழத் துண்டோடு, தலையில் செங்கல் அடுக்கிக்கொண்டு, வாயைப் பிளந்தபடி போகிறான். அது நான். மூக்குக்கு இடப்பக்கம் உள்ள மரு என்னுடையது. காது மயிர் என்னுடையது. கீழ்வரிசையில் விழுந்துபோன பல்லும் என்னுடையது. ஐயாயிரம் வருஷத்துக்கு முந்தின ஆளுக்கு என் மரு எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று தாங்கள் விளக்க வேண்டும்.

இதில் பெரிய சங்கடம் என்னவென்றால், வருகிற பிப்ரவரி 7-ஆம் தேதி எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்து ஆண்டு விழாவுக்கு நான்தான் சிறப்பு விருந்தினர். தலைமையாசிரியர் கலைச்செல்வன் நாற்பத்திரண்டு பிள்ளைகளுக்குப் பரிசாக வாங்கி வைத்திருப்பது இதே புத்தகத்தை. மாதிரிக்கு ஒன்று என் கையில் கொடுத்துவிட்டுப் போனார். அதாவது நான் செங்கல் தூக்குகிற புத்தகத்தை நானே மேடையில் நின்று, சிரித்துக்கொண்டு, நாற்பத்திரண்டு தடவை கொடுக்க வேண்டும்.

புயலில் கரும்பு சாய்ந்தது. சங்கராபரணி ஆற்றுத் தண்ணீர் உள்ளே வந்து நெல்லும் போனது. மிச்சம் இருந்தது இந்த முகம் ஒன்றுதான். ஆகவே பிப்ரவரி 7-க்குள் தாங்கள் என்னை அந்தப் பக்கத்திலிருந்து இறக்கிவிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
சுப்பராயலு


சென்னை,
27.12.2024

அன்புள்ள குட்டி வாசகர் சுப்பராயலு,

உன் கடிதம் கிடைத்தது. ரொம்ப சந்தோஷம்! உனக்குப் பிடித்த பக்கம் 14 என்று தெரிந்துகொண்டேன். எனக்கும் அது மிகவும் பிடிக்கும்.

சுமேரிய மக்கள் களிமண்ணால் செங்கல் செய்து பெரிய பெரிய ஊர்களைக் கட்டினார்கள். நீயும் வீட்டில் அப்பா அம்மாவிடம் கேட்டு ஒரு குட்டிச் செங்கல் செய்து பாரேன்! முடித்த பிறகு கை கழுவ மறக்காதே. இத்துடன் நீ வண்ணம் தீட்ட ஒரு பக்க அடையாள அட்டை வைத்திருக்கிறேன்.

நிறையப் படி!
உன் சகாயராணி அக்கா


உறுவையாறு,
3.1.2025

சகாயராணி அக்காவுக்கு,

என் அப்பா 1981-லேயே காலமாகிவிட்டார். அம்மா அதற்கும் முன்னால். ஆகவே அவர்களிடம் கேட்டுச் செங்கல் செய்ய முடியாத நிலையில் இருக்கிறேன். அட்டையைப் பேத்தி எடுத்துப் போய்விட்டாள்.

ஆனால் பெயரைப் பார்த்ததும் எல்லாம் விளங்கிவிட்டது. 'சகா' என்றால் யாரோ சென்னைக்காரர் என்று நினைத்தேன். நீ நம் ஊர் பாக்யநாதன் மகள் அல்லவா? மறுபடி புத்தகத்தைப் புரட்டினேன். பக்கம் 22-இல் ராஜா உட்கார்ந்திருக்கிறார். பின்னால் விசிறி வீச இரண்டு பேர். ராஜாவின் நெற்றியில் ஒரு தழும்பு. அது 1988-இல் என் களத்தில் வைக்கோல் வண்டி நுகத்தடி பட்டு உன் அப்பனுக்கு வந்த தழும்பு. நான்தான் வில்லியனூர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனேன். எனக்குத் தெரியாதா?

என்னிடம் முப்பது வருஷம் வேலை செய்தவன் சிங்காசனத்தில். நான் செங்கலோடு தெருவில். நல்ல நாகரிகம் அம்மா, நல்ல நாகரிகம்.

பதில் வேண்டும். அச்சடித்த பதில் வேண்டாம்.

சுப்பராயலு


சென்னை,
9.1.2025

ஐயா அவர்களுக்கு,

முதலில் மன்னிப்பு. பிள்ளைகளின் கடிதங்கள் கட்டுக்கட்டாக வருவதால் பதிப்பகத்தில் ஒரே மாதிரி பதிலை அச்சடித்து, பெயரையும் பக்க எண்ணையும் மட்டும் எழுதி அனுப்பிவிடுகிறார்கள். உங்களைப் போய்க் களிமண் பிசையச் சொன்னதற்கு வருந்துகிறேன்.

அடுத்து, அந்தப் படத்தில் இருப்பது நீங்கள் இல்லை. நான் யாரையும் எதிரில் உட்கார வைத்து வரைவதில்லை. முகங்கள் தாமாக வருகின்றன. மரு யாருக்கும் இருக்கும். காதில் மயிரும் அப்படித்தான். சந்தேகமிருந்தால் ஊரில் நாலு பேரிடம் காட்டிக் கேளுங்கள். ஒருவராவது உங்களை அடையாளம் சொன்னால் நான் ஒப்புக்கொள்கிறேன்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சுமேரியாவில் செங்கல் சுமப்பது கேவலமில்லை. கோயிலுக்கு அடிக்கல் போடும் நாளில் ராஜாவே தலையில் மண்கூடை சுமப்பார். அப்படிச் சுமக்கிற கோலத்தில் தங்களுக்குச் செம்புச் சிலை செய்து வைத்துக்கொண்ட ராஜாக்கள் உண்டு. புத்தகத்தின் 19-ஆம் பக்கத்தில் இருக்கிறது. நீங்கள் 14-ஐ விட்டு நகரவில்லை போலிருக்கிறது.

கடைசியாக ஒரு கேள்வி. போன சனி, ஞாயிறு இரண்டு நாள் ஊருக்கு வந்திருந்தேன். புயலில் எங்கள் வீட்டின் பக்கச் சுவர் விழுந்துவிட்டது, அதைப் பார்க்கத்தான். உரக்கடை வாசலில் என்னைக் கண்டதும் யூரியா மூட்டைக்குப் பின்னால் குனிந்தது நீங்கள்தானே?

சகாயராணி


உறுவையாறு,
15.1.2025

சகாயராணிக்கு,

பொங்கல் வாழ்த்து. யூரியா மூட்டையில் ஓட்டை இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

நீ சொன்னபடி நாலு பேரிடம் காட்டினேன். உரக்கடை ஆதிமூலம் உற்றுப் பார்த்துவிட்டு, "இன்னா அண்ணே, எங்க மாமனாரு மாரி கீது" என்றான். போஸ்ட்மேன் தெரியாது என்றார். கலைச்செல்வன் வாத்தியார் "நல்ல உழைப்பாளி முகம்" என்றார். உழைப்பாளி என்றதும் நான் மேற்கொண்டு கேட்கவில்லை. கடைசியாக வீட்டுக்காரி செல்வகுமாரியிடம் நீட்டினேன். நாற்பத்தேழு வருஷம் கூட இருந்தவள். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தாள். "யாரோ பாவம் கெய்வன். உன்ன மாரியா கீது? நீ எப்ப செமந்த?" என்று சொல்லிவிட்டுப் பொங்கல் பானையைக் கழுவப் போய்விட்டாள். எனக்கு ஆத்திரம் இரண்டு மடங்காகிவிட்டது.

யாருக்கும் தெரியவில்லை என்பது உண்மை. ஆனால் எனக்குத் தெரிகிறது. ஷேவ் செய்யும்போது தினம் பார்க்கிற முகம். விழா அன்று மேடையில் நான் வெளிச்சத்தில் நிற்கும்போது, கையில் புத்தகத்தை வைத்திருக்கிற நாற்பத்திரண்டு பேரில் ஒருத்தர் கண்ணில் பட்டால் போதும். அப்புறம் நான் செத்தாலும் பாடையில் செங்கல் வைப்பான்கள்.

பக்கம் 19 படித்தேன். ராஜாவே சுமப்பார் என்று நீயே எழுதியிருக்கிறாய். அப்படியானால் 14-இல் என் காலடியில் 'ராஜா' என்று போட்டுவிடு. இரண்டே எழுத்து. நான் வாயைத் திறக்க மாட்டேன்.

இல்லையென்றால் கொம்யூன் ஆபீசில் மனு கொடுக்க வேண்டியிருக்கும். சுமேரியா எந்த கொம்யூனில் வருகிறது என்று கேட்பார்கள், அதுதான் யோசனை. நான் உனக்கு என்ன செய்தேன் சகாயராணி? அதையாவது சொல்.

சுப்பராயலு


சென்னை,
20.1.2025

ஐயா,

ராஜா என்று போட முடியாது. ராஜா ஒரு நாள் ஒரு கூடையைச் சுமந்துவிட்டுப் போய்விடுவார், பூமி பூஜைக்கு வந்து போகிறவர்கள் மாதிரி. பதினான்காம் பக்கத்து ஆள் மறுநாளும் வர வேண்டும்.

என்ன செய்தேன் என்று கேட்டீர்கள். இந்தக் கடிதத்தை மூன்று தடவை கிழித்துப் போட்டுவிட்டு எழுதுகிறேன்.

1993. எனக்குப் பத்து வயது. அறுப்பு முடிந்து அப்பா உங்கள் களத்தில் வைக்கோல் போர் போட்டுக்கொண்டிருந்தார். உங்கள் மகன் அரிகரன் மாட்டுக்கொட்டகைச் சுவர் மேல் ஒரு புத்தகத்தை வைத்துவிட்டு விளையாடப் போயிருந்தார். வழவழத் தாள், முழுக்கக் கலர் படம். பழைய எகிப்து. அப்படி ஒரு புத்தகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. ஆறு பக்கம் பார்த்துவிட்டேன். ஏழாவது பக்கத்தில் ஒரு பாறாங்கல்லைக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். அந்தக் கல் எங்கே போகிறது என்று பார்க்கத் திருப்பப் போனேன். பின்னாலிருந்து ஒரு கை வந்து பிடுங்கிக்கொண்டது. "ஏய், சேத்துக் கையால தொடாத. ஒனக்கு இன்னாத்துக்குடி இந்த புக்கு?"

அப்பா பார்த்துக்கொண்டுதான் இருந்தார். அடுத்த வைக்கோல் கட்டைத் தூக்கிக்கொண்டு போனார். எனக்கு உங்கள் மேல் வந்ததைவிட அவர் மேல்தான் அன்று அதிகக் கோபம் வந்தது.

அந்தக் கல் எங்கே போனது என்று தெரிய எனக்கு ஒன்பது வருஷம் ஆயிற்று. ஓவியக் கல்லூரி நூலகத்தில் பார்த்தேன். அதற்குப் பிறகுதான் பிள்ளைகளுக்காக இந்த மாதிரிப் புத்தகங்களுக்குப் படம் போட ஆரம்பித்தேன். ஆமாம், பதினான்காம் பக்கத்தில் இருப்பது நீங்கள்தான். பொய் சொன்னேன். வரைந்தபோது ரொம்ப சந்தோஷமாக வரைந்தேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆனால் விழா மேடையில் உங்களை அவமானப்படுத்துவது என் திட்டமில்லை. இந்தப் புத்தகம் நம் ஊருக்குப் பரிசாக வரும் என்று எனக்குத் தெரியாது. இத்துடன் ஐம்பது ஸ்டிக்கர் வைத்திருக்கிறேன். அடர்த்தியாகத் தாடி வைத்த வேறு ஒரு சுமேரிய முகம். உங்கள் முகத்தின் மேல் சரியாகப் பொருந்தும். ஒட்டிக்கொள்ளுங்கள்.

சகாயராணி


உறுவையாறு,
30.1.2025

சகாயராணிக்கு,

ஸ்டிக்கர் கிடைத்தது. அட்டை போட்டுத் தருகிறேன் என்று கலைச்செல்வன் வாத்தியாரிடம் சொல்லிக் கட்டு முழுவதையும் வீட்டுக்கு எடுத்து வந்து, ஹாலில் உட்கார்ந்து நானும் செல்வகுமாரியும் ஒட்டினோம். அவளிடம் அச்சுப் பிழை என்று சொல்லி வைத்தேன். பசை போதவில்லை என்று தோன்றியதால் போஸ்டர் ஒட்டுகிற மைதாப் பசையையும் காய்ச்சித் தடவினேன். தாடி எனக்கு எடுப்பாகத்தான் இருக்கிறது.

நீ எழுதிய விஷயம் எனக்கு ஞாபகத்தில் இல்லை. சத்தியமாக இல்லை. அந்தக் காலத்தில் களத்தில் நின்றுகொண்டு ஒரு நாளைக்கு நூறு பேரை நூறு சொல்லியிருப்பேன். ஆனாலும் மனசு கேட்காமல் ஓசூரில் இருக்கும் அரிகரனுக்குப் போன் போட்டுக் கேட்டேன். "எனக்கு ஞாபகம் கீது நைனா" என்றான். நான் போனை வைத்துவிட்டேன்.

விழா முடியட்டும். பிறகு எழுதுகிறேன்.

சுப்பராயலு


உறுவையாறு,
8.2.2025

சகாயராணிக்கு,

எல்லாம் முடிந்தது. என்னையும் சேர்த்து.

நாற்பத்திரண்டு பேருக்கும் கொடுத்தேன். சால்வை போட்டார்கள். மைக்கைப் பிடித்து 'பண்டைய நாகரிகங்களும் இன்றைய விவசாயியும்' என்று பேச ஆரம்பித்தேன். கீழே வரிசையில் உட்கார்ந்திருந்த நாலாம் வகுப்புப் பெண் ஒன்று புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தது. பதினான்காம் பக்கத்தில் என் மைதாப் பசை மொடமொடவென்று காய்ந்து ஓரம் தூக்கிக்கொண்டிருந்திருக்கிறது. ஓரம் தூக்கின ஸ்டிக்கரைக் கண்டால் எந்தப் பிள்ளைதான் சும்மா இருக்கும்? உரித்துவிட்டது. உரித்துப் புத்தகத்தைப் பார்த்தது. மேடையில் என்னைப் பார்த்தது. திரும்பவும் புத்தகத்தைப் பார்த்தது.

"டீச்சர், இதுல நம்ம தாத்தா கீறாரு!"

அப்புறம் என்ன? நாற்பத்திரண்டு புத்தகத்திலும் உரிக்கிற சத்தம். மைக்கில் நான் பேசுவது எனக்கே கேட்கவில்லை. பெற்றவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்தார்கள். ஆதிமூலம், "அண்ணே, எங்க மாமனாரு இல்ல, நீதான்!" என்று கத்தினான். செல்வகுமாரி முதல் வரிசையில் உட்கார்ந்து கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தாள். ஸ்டிக்கர் ஒட்டாமல் விட்டிருந்தால் ஒரு ஈ காக்கைக்குத் தெரிந்திருக்காது. ஒட்டிக் காட்டிக் கொடுத்தவன் நான்தான்.

இன்று காலை பால் வாங்கப் போகும்போது "சுமேரு தாத்தா" என்று கூப்பிடுகிறார்கள். நேற்று ராத்திரி சாப்பிடப் பிடிக்கவில்லை. உண்மையைச் சொன்னால் அவமானமாக இருக்கிறது அம்மா. நீ நினைத்தது நடந்துவிட்டது. இப்போது சந்தோஷம்தானே?

சுப்பராயலு


சென்னை,
24.2.2025

ஐயா,

உங்கள் கடிதத்தைப் படித்து முதலில் சிரித்தேன். மன்னியுங்கள், மைதாப் பசைக்குச் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. கடைசிப் பத்தி வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. சந்தோஷமா என்று கேட்டீர்கள். இல்லை.

எங்கள் தெருவில் தேவி என்று ஒரு பிள்ளைக்கும் பரிசு கிடைத்ததாம். அது புத்தகத்தைக் கொண்டுபோய் அப்பாவிடம் காட்டியிருக்கிறது. நான் ஏழு புத்தகத்துக்குப் படம் போட்டும் அப்பா ஒன்றையும் இதுவரை திறந்து பார்த்ததில்லை. இப்போது பார்த்துவிட்டுப் போன் செய்தார். ராஜா வேஷம் பிடித்ததா என்று கேட்டேன். "இன்னா சகாயம், சும்மா ஒக்கார வச்சிட்ட. கையில ஒரு வேல இல்ல" என்றார்.

பதினான்காம் பக்கத்தைப் பார்த்தீர்களா என்று கேட்டேன். உங்களைப் பார்த்துச் சிரிப்பார் என்று காத்திருந்தேன் ஐயா. முப்பது வருஷமாக அதற்குத்தான் காத்திருந்தேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் சிரிக்கவில்லை. "சும்மாடு எங்க?" என்றார்.

துணியைச் சுருட்டி உச்சந்தலையில் வைத்து, அதன் மேல்தானே சுமையை ஏற்றுவார்கள்? நான் வெறும் தலையில் செங்கலை அடுக்கிவிட்டேன். "சும்மாடு இல்லாம செங்கல்ல வச்சா தல இன்னாத்துக்கு ஆவும்? பாவம்டி, வலிக்கும்" என்றார். உங்களைத்தான் பாவம் என்றார்.

அந்த ஒரு படத்துக்காகப் பதினொரு புத்தகம் பார்த்தேன். அருங்காட்சியகச் சிலைகளை ஒவ்வொன்றாக அளந்தேன். அப்பாவின் தலையில் தினம் பார்த்த துணி எனக்கு ஞாபகம் வரவில்லை. மறந்துவிட்டேனா, இல்லை உங்களுக்குக் கொடுக்க மனசு வரவில்லையா, எனக்கே தெரியவில்லை. எதுவானாலும் தப்பு என்னுடையது.

இரண்டாம் பதிப்பு ஏப்ரலில் வருகிறது. மார்ச் 15-க்குள் திருத்தங்களைக் கொடுக்க வேண்டும். உங்களை அந்தப் பக்கத்திலிருந்து எடுத்துவிடுகிறேன். மரு, காது மயிர், பல் எதுவும் இருக்காது. ஒரு வரி எழுதினால் போதும்.

சகாயராணி


உறுவையாறு,
9.3.2025

அன்புள்ள சகாயராணிக்கு,

உன் கடிதம் வந்ததும் நேராக உன் அப்பாவைப் பார்க்கப் போனேன். புத்தகத்தையும் எடுத்துக்கொண்டேன். என்னைப் பாவம் என்று சொன்னதை விசாரிக்கத்தான் போனேன், மறைப்பானேன். உங்கள் தெருவுக்குள் எத்தனையோ தடவை ட்ராக்டரில் போயிருக்கிறேன். இறங்கினதில்லை என்பது இறங்கின பிறகுதான் உறைத்தது.

விழுந்த சுவரைக் கட்டிக்கொண்டிருந்தார்கள். கொத்தனார் மேலே நிற்க, பாக்யநாதன் இந்த வயதிலும் செங்கல் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். உன் அம்மா சின்னபொண்ணு நாற்காலி போட்டு டீ கொடுத்தாள். உட்கார்ந்து பக்கத்தை விரித்து, "சும்மாடு இல்லன்னா அவ்ளோ வலிக்குமா?" என்று கேட்டேன். உன் அப்பா என் தலையைப் பார்த்தார். செங்கலைப் பார்த்தார். "தூக்கிப் பாருங்களேன்" என்றார்.

வெறும் தலையில் நாலு செங்கல். பத்து அடிதான் போனேன். தானாக வாய் திறந்துகொண்டது. நீ வரைந்திருக்கிறாயே, அதே மாதிரி. எனக்கு வாய் அப்படித்தான் திறக்கும் என்று உனக்கு எப்படித் தெரிந்தது?

உன் அப்பா ஓடி வந்து இறக்கினார். தோளில் கிடந்த தன் துண்டை எடுத்து உதறி, முறுக்கிச் சுற்றி, என் உச்சந்தலையில் வைத்தார். நாற்பது வருஷமாக என்னை 'ஆண்டை' என்று கூப்பிட்ட மனுஷர். "யோவ், கழுத்த நிமுத்து. ஆடாத" என்றார். நிமிர்த்தினேன். அதற்கப்புறம் ஆறு ஆறாக இரண்டு நடை கொண்டுபோய்க் கொத்தனாரிடம் கொடுத்தேன். தெருப் பிள்ளைகள் எல்லாம் "சுமேரு தாத்தா, சுமேரு தாத்தா" என்று பின்னால் வந்தார்கள். தேவி புத்தகத்தைத் தூக்கிப் பிடித்து என்னையும் படத்தையும் சரிபார்த்துக்கொண்டே வந்தது. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் படுத்துவிட்டேன். செல்வகுமாரி தைலம் தேய்த்துக்கொண்டே, "இப்ப ஒத்துக்கறேன், அந்தப் படத்துல நீதான்" என்றாள்.

படுத்திருக்கும்போது பரண் ஞாபகம் வந்தது. ஆள் விட்டுத் தேடினேன். அரிகரனுடைய அந்த எகிப்துப் புத்தகம் அகப்பட்டது. அட்டையையும் முதல் ஆறு பக்கத்தையும் கரையான் தின்றுவிட்டது. அது நீ பார்த்ததுதானே. ஏழிலிருந்து கடைசி வரை நன்றாக இருக்கிறது. பதிவுத் தபாலில் தனியாக அனுப்பியிருக்கிறேன். எந்தக் கையால் வேண்டுமானாலும் திருப்பிக்கொள். அன்று நான் செய்தது தப்பு. உன் அப்பா எதிரில் செய்தது அதைவிடப் பெரிய தப்பு. ஞாபகம் இல்லை என்று எழுதினேன். களம் ஞாபகம் இல்லைதான். ஆனால் அப்படிச் சொல்லக்கூடிய ஆள்தான் நான் என்பது எனக்குத் தெரியும்.

இரண்டாம் பதிப்பு விஷயம். என்னை அந்தப் பக்கத்திலிருந்து எடுக்காதே. மருவும் காது மயிரும் அப்படியே இருக்கட்டும். ராஜா என்றும் போட வேண்டாம்.

தலையில் ஒரு சும்மாடு மட்டும் போட்டுவிடு. கழுத்து இன்னும் திரும்பவில்லை.

இப்படிக்கு,
குட்டி வாசகன்
சுப்பராயலு